தோடர்களைச் சுமேரியர் ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உதகையைப் பற்றி வந்த கட்டுரையில், நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் முத்தநாடு மந்தில் (மந்து என்பது அவர்கள் குடியிருப்பு) உள்ள மூன்போ என்னும் கோயிலின் படத்துக்குக் கீழே 'சுமேரியர்களின் வாரிசுகள்' என்று அச்சாகியிருந்தது. கட்டுரைக்குள் அதற்குச் சொல்லியிருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். மெசொப்பொத்தேமியாவில், அதாவது சுமேரியர் வாழ்ந்த பழைய ஈராக்கில், கோயிலுக்குள் பால் கறந்தார்கள்; தோடர்களுக்கும் பால் கறந்து கடையும் பால்மனையே கோயில்; ஆகவே இவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (எங்கள் சிற்றூரை அப்படித்தான் சொல்வோம்) பிறந்த படுகன். பால் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் முன்னோர் தானியம் கொடுத்துத் தோடர்களிடம் நெய் வாங்கியவர்கள். மெசொப்பொத்தேமியாவைப் பற்றி வாசிப்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு பக்கத்தையும் நேசிக்கிற எனக்கு அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இது புதிய கதை இல்லை. கிரேக்க இளவரசர் பீட்டர் என்ற மானிடவியலாளர், தோடர் வழிபாட்டில் சுமேரிய எச்சங்கள் இருக்கலாம் என்று 1951இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். தோடர் மந்திரங்களில் வரும் தெய்வப் பெயர்கள் சில அவர் காதுக்குச் சுமேரியப் பெயர்கள் போலக் கேட்டன. அதற்கு முன்பே, 1930களில், எமனோ என்ற மொழியியலாளர் இந்த மலையில் தங்கித் தோடர் மொழியைக் கேட்டு எழுதியிருந்தார். அது தென்திராவிட மொழி, தமிழுக்கும் கோத்தர் மொழிக்கும் உறவு. சுமேரியத்துக்கோ இன்றுவரை உறவு மொழி என்று நிலைநாட்டப்பட்ட ஒன்றுகூடக் கிடையாது.

கட்டுரையாளர் மனதில் வைத்திருந்த சிற்பம் எது என்று எனக்குத் தெரிகிறது. ஊர் (Ur) என்ற பெயருடைய பழைய சுமேரிய நகருக்குப் பக்கத்தில் தெல் அல்-உபைத் என்ற மேட்டில் நின்ஹுர்சக் என்னும் பெண்தெய்வத்துக்குக் கோயில் இருந்தது. கி.மு. 2500ஐ ஒட்டிய காலம். அதன் சுவரில் பதித்திருந்த பால்மனைக் காட்சி இப்போது பாக்தாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பால்காரர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். நாணலால் வேய்ந்த தொழுவம்; கன்று தாயின் முன்னால் நிற்கிறது, அப்போதுதானே மாடு பால் சுரக்கும். கறக்கிறவன் மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். நாங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் கறப்போம். இன்னொரு பக்கம் ஒருவர் பாலை வடிகட்டுகிறார், மற்றொருவர் பெரிய ஜாடியைச் சாய்த்து ஆட்டி வெண்ணெய் எடுக்கிறார். இத்தனை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பால்மனையைப் பார்க்கையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அதில் இருப்பது பசு. தோடர்கள் வளர்க்கும் எருமை இல்லை.

அங்கே மதம் என்ன வேலை செய்தது என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. நகரம் தெய்வத்தின் சொத்து. அரசன் அதைப் பார்த்துக்கொள்கிறவன். சுமேரியரின் லகாஷ் நாட்டில் பாவு என்ற பெண்தெய்வத்தின் பெயரால் வயல், மந்தை, நெசவுக்கூடம், மீன்பிடி எல்லாம் நடந்தன. கூலி வாற்கோதுமையாக அளக்கப்பட்ட கணக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. (நாட்டு நிலம் முழுவதும் கோயிலுடையது என்றே முன்பு எழுதினார்கள். தனியார் நிலமும் இருந்தது என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள்.) எழுத்து பிறந்ததே உருக் நகரின் இயன்னா கோயில் வளாகத்தில், கி.மு. 3300 வாக்கில். அந்தப் பழைய பலகைகளில் மிகப் பெரும்பாலானவை வரவு செலவு. ஊர் நகரின் மூன்றாம் வம்ச காலத்துக் கணக்கில், ஒரு பசுவுக்கு ஆண்டுக்கு 5 சிலா நெய்யும் ஏழரை சிலா பாலாடைக்கட்டியும் மேய்ப்பன் அளக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். புல் காய்ந்த வருஷம் அந்த மேய்ப்பன் பாக்கியை எப்படித் தீர்த்தான் என்பதுதான் பால் சங்கத்துக்காரனான எனக்கு முதலில் தோன்றியது.

கோயிலுக்குக் கருணை முகமும் இருந்தது. போரில் பிடிபட்ட வீரனை வணிகன் ஒருவன் பணம் கொடுத்து மீட்டு வந்தால், வீரனிடம் வசதி இல்லாதபோது அந்தத் தொகையை அவன் ஊர்க் கோயில் கொடுக்க வேண்டும். கோயிலாலும் முடியாவிட்டால் அரண்மனை கொடுக்க வேண்டும். இது பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் 32ஆம் பிரிவு. மறு முகமும் இருந்தது. பிணத்தைப் புதைக்கக் கொண்டுபோனால் 7 ஜாடி பீரும் 420 ரொட்டியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை 3 ஜாடி, 80 ரொட்டி என்று குறைத்ததாக லகாஷ் அரசன் உருககினா கி.மு. 24ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறான். சாவு வீட்டில் வசூல் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தெய்வம் சிலையில் வாழ்ந்தது. உருக்கில் பிற்காலத்தில் அதற்குக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று நாள்தோறும் நான்கு வேளை படையல். பகைவன் ஊரைப் பிடித்தால் முதலில் சிலையைத் தூக்கிக்கொண்டு போவான். பாபிலோனின் தெய்வமான மர்துக்கின் சிலையை ஹிட்டைட்டுகள் என்ற வேற்று நாட்டார் ஒருமுறை கொண்டுபோனார்கள். பல நூற்றாண்டு கழித்துக் கிழக்கே இருந்த ஏலாமியர்கள் கொண்டுபோனார்கள். கி.மு. 689இல் அசீரிய அரசன் சென்னகெரிப் பாபிலோனை அழித்தான். அதன்பின் இருபது ஆண்டு அங்கே புத்தாண்டு விழாவே நடக்கவில்லை. தெய்வம் ஊரில் இல்லையென்றால் விழா யாருக்கு? நட்பு நாட்டுக்குத் தெய்வத்தை அனுப்பி வைத்ததும் உண்டு. மித்தன்னி அரசன் துஷ்ரத்தா, நினிவேயின் பெண்தெய்வத்தை எகிப்து மன்னன் மூன்றாம் அமென்ஹோதெப்பிடம் அனுப்பினான். அவளே வர விரும்பினாள், மரியாதை செய்து திருப்பி அனுப்புங்கள் என்று கூடவே கடிதமும் எழுதினான். அந்தக் கடிதம் எகிப்தின் அமர்னாவில் கிடைத்தது. அந்தப் பக்கத்துத் தெய்வம் பயணம் போனால் இப்படித் தடம் இருக்கிறது. நீலகிரி வரை வந்ததற்கு ஒரு பலகை, ஒரு முத்திரை, ஒரு பானை ஓடு உண்டா?

இப்போது தோடர் பால்மனையைப் பாருங்கள். அங்கே சிலை இல்லை, அரசன் இல்லை, கடன் இல்லை, மேய்ப்பன் பேரில் பாக்கி இல்லை. மந்தையிலேயே புனித எருமைகள் தனி; அவற்றுக்குள்ளும் தரம் உண்டு, அந்தத் தரத்துக்கு ஏற்பப் பால்மனையும் அதன் கட்டுப்பாடுகளும் கூடும். பூசாரி என்பவர் சில காலம் நோன்பிருந்து பால் கறந்து கடையும் மனிதர். முறை முடிந்ததும் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எருமைகளுக்கு உப்புக் கொடுப்பதே அவர்களுக்குப் பெரிய சடங்கு. லகாஷ் கோயில் ஊரையே வேலை வாங்கிய நிறுவனம். மூன்போ அப்படிப்பட்டதே இல்லை. இரண்டிலும் பால் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? தமிழ்நாட்டிலும் கோயில் நிலத்தின் பட்டா சாமி பெயரில்தான் இருக்கிறது. அதை வைத்து நம்மை யாரும் லகாஷ்காரர்கள் என்று சொல்வதில்லை. தோடர்களைப் பற்றி மட்டும் எதையும் எழுதலாம் என்று ஏன் நினைக்கிறோம்?

தொடர்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. மெலுஹா நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் நின்றன என்று மெசொப்பொத்தேமியாவை ஆண்ட அக்காத் மன்னன் சார்கோன் பெருமைப்பட்டான். மெலுஹா சிந்துவெளி என்பதே பெரும்பாலோர் கருத்து. சிந்து முத்திரைகள் ஊர் நகரிலேயே கிடைத்திருக்கின்றன. சார்கோனின் வம்சத்தில் வந்த ஷர்-கலி-ஷர்ரி காலத்து முத்திரை ஒன்றில் வளைந்த பெரிய கொம்புடன் இரண்டு எருமைகள் தண்ணீர் குடிக்கின்றன. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அழகான முத்திரை அது. அந்த எருமைகள் சிந்துப் பக்கமிருந்து போனவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எருமையை வைத்து வழி தேடினால்கூட அது இங்கிருந்து மேற்கே போகிறதே தவிர அங்கிருந்து உதகைக்கு வரவில்லை.

உதகைக்கு வரும் சுற்றுலாப் பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டுநர்களும் இந்தச் சுமேரியக் கதையைச் சொல்கிறார்கள். பத்திரிகையில் படித்தது என்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அந்தப் பட வரிக்கு வரும் ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் போடுங்கள். மெசொப்பொத்தேமியக் கோயில்களைப் பற்றி விவரம் அறிந்தவரைக் கொண்டு தனியாக ஒரு தொடர் வெளியிடுங்கள். ஹட்டியில் நாங்கள் பலர் வாசிப்போம். முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த் பண்டிகை நடக்கும்போது உங்கள் நிருபர் இளைஞர்கள் கல் தூக்குவதைப் படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், அங்குள்ள பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எருமையும் பாலும் தங்களுக்கு என்ன என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதை அப்படியே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் சங்கச் செயலாளர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.