ஓனர் மனசு மாறினா எல்லாமே மாறிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோசியல் மீடியாவுல பொய் பரவுதுன்னு எல்லாரும் எழுதுறாங்க, ஃபார்வர்ட் பண்றவன திட்டுறாங்க, ஆனா அந்த ஆப்போட ஓனர் யாரு அவருக்கு என்ன லாபம்னு யாரும் பெருசா கேக்க மாட்டேங்குறாங்க. அதான் இந்த லெட்டர்.

எலான் மஸ்க் 2022 அக்டோபர்ல 4,400 கோடி டாலருக்கு ட்விட்டர வாங்கினாரு. வாங்கின வேகத்துல ஸ்டாஃப்ல பாதி பேர வீட்டுக்கு அனுப்பிட்டு இது அசல் அக்கவுண்ட்தான்னு காட்டுற ப்ளூ டிக்க மாசம் 8 டாலர்னு விக்க ஆரம்பிச்சாரு. உடனே எவனோ ஒருத்தன் எலி லில்லிங்கற மருந்து கம்பெனி பேர்ல அக்கவுண்ட் தொறந்து, டிக்கும் வாங்கி, இனிமே இன்சுலின் இலவசம்னு போட்டுட்டான். கம்பெனி வந்து மன்னிப்பு கேட்டு அது நாங்க இல்லன்னு சொல்ல வேண்டியதாச்சு. நிறைய பேர் சிரிச்சாங்க, எனக்கென்னமோ சிரிப்பு வரல, இன்சுலின் வாங்க காசில்லாதவங்க அத படிச்சப்ப எப்படி இருந்திருக்கும்?

மார்க் ஜக்கர்பெர்க் கதை இன்னும் ஒரு படி மேல. ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி மெட்டாவுல அவரோட பங்கு 15 சதவீதம்கூட இல்ல, ஆனா ஓட்டுல பாதிக்கு மேல அவர் கையில, ஏன்னா அவர் வச்சிருக்கற ஸ்பெஷல் ஷேர் ஒண்ணுக்கு 10 ஓட்டு. மத்தவங்க எல்லாம் ஒண்ணு சேந்தாலும் அவர அசைக்க முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் இந்த ஒரே மனுஷன் கையில. 2025 ஜனவரி 7ம் தேதி வீடியோவுல வந்து போஸ்ட்ல இருக்கறது உண்மையான்னு சரிபாக்குற ஃபேக்ட் செக்கர்ஸ அமெரிக்காவுல எடுத்துடறோம்னாரு, எடுத்துட்டாங்க, அவ்ளோதான். ரெண்டே வாரத்துல டிரம்ப் பதவியேற்பு விழாவுல இவரும் மஸ்க்கும் மேடையில முக்கியமான எடத்துல உக்காந்திருந்தாங்க. மஸ்க் அந்த எலெக்‌ஷனுக்கு செலவு பண்ணது மட்டும் 25 கோடி டாலருக்கு மேல.

பேப்பர், டிவி ஓனருங்களும் பணக்காரங்கதானே, அவங்க மட்டும் என்ன யோக்கியமான்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான் (உங்க முதலாளிய சொல்லல சார், கோச்சுக்காதீங்க). ஆனா பேப்பர் ஒரு பக்கமா சாஞ்சா அது அச்சுல இருக்கு, நானும் எதிர்வீட்டுக்காரரும் படிக்கிறது ஒரே பக்கம், அத வச்சு சண்டை போடலாம், உங்களுக்கே இப்படி லெட்டர் போடலாம். ஃபீட்ல எனக்கு வர்றது வேற உங்களுக்கு வர்றது வேற, எத மேல தூக்குறாங்க எத அமுக்குறாங்கன்னு வெளிய இருக்கறவனுக்கு தெரியவே தெரியாது. கொஞ்சநஞ்சம் எட்டிப் பாக்க வழி இருந்துச்சு, எந்த போஸ்ட் எவ்ளோ ஓடுதுன்னு காட்டுற க்ரவுட்டேங்கிள்னு ஒரு டூல். அதையும் மெட்டா 2024 ஆகஸ்ட்ல இழுத்து மூடிடுச்சு. ட்விட்டர் அதுக்கு முன்னாடியே 2023ல ஃப்ரீயா டேட்டா எடுக்கற கதவ சாத்திடுச்சு.

கனடாவுல நடந்தத நினைச்சாத்தான் பயமா இருக்கு. செய்திக்கு பத்திரிகைங்களுக்கு இந்த மாதிரி கம்பெனிங்க காசு குடுக்கணும்னு அந்த அரசாங்கம் சட்டம் போட்டதுக்கு, 2023 ஆகஸ்ட்ல மெட்டா அங்க ஃபேஸ்புக், இன்ஸ்டால செய்தி லிங்க்கையே தூக்கிடுச்சு. அதே மாசம் காட்டுத்தீ வந்து யெல்லோநைஃப் நகரத்த மொத்தமா காலி பண்றாங்க, ரோடு தொறந்திருக்கா தீ எங்க வந்துச்சுன்னு நியூஸ் லிங்க் ஷேர் பண்ண முடியாம ஜனங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போட்டுட்டு இருந்தாங்க. அந்நாட்டு பிரதமரே கண்டிச்சும் மெட்டா கேக்கல.

ஆப்ப டெலீட் பண்ணுன்னு சிலர் ஈஸியா சொல்லிடறாங்க, யாவாரம், உறவு, வேலைன்னு எல்லாமே அதுக்குள்ள மாட்டிக்கிட்டப்புறம் எங்க போறது? ஐரோப்பிய யூனியன்ல ஒரு சட்டம் இருக்கு, மாசம் நாலரை கோடி பேருக்கு மேல யூஸ் பண்ற ஆப், நாம எப்படிப்பட்ட ஆளுன்னு எடை போட்டு பொறுக்கி எடுக்காம காட்டுற ஃபீட் ஒண்ணையும் குடுக்கணும், ஆராய்ச்சி பண்றவங்களுக்கு டேட்டாவும் தரணும். அந்த சட்டம் அங்க எவ்ளோ தூரம் வேலை செய்யுது, எங்க ஓட்டை இருக்குன்னு விவரமா ஒரு முழுப்பக்க கட்டுரை போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்