தோழிக்குக் கடிதம்: ஒரே செய்தி இரண்டு முறை வந்தால்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், புள்ளியியல் எடுத்திருக்கிறாள். சின்னவனுக்குப் பரீட்சை நேரம், வீடு அமைதியாக இருக்கிறது.

டெவலப்பர் மாநாட்டுக்குப் போய் வந்தேன் என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். “கோட் எழுதுகிறவர்கள் கூடும் இடத்தில் மார்க்கெட்டிங் ஆளுக்கு என்ன வேலை?” என்று நீ கேட்டிருக்கிறாய். கேட்டது நல்லதாகப் போயிற்று. யாரிடமாவது இதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீயும் மருத்துவமனைக் கருவிகளை டாக்டர்களிடம் கொண்டுபோகிறவள். விஷயம் தெரிந்தவர்களிடம் போய் நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் புராடக்ட் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஒரு கடையின் இணையதளத்தில் யாரோ பணம் கட்டுகிறார். பணம் வந்துவிட்டது என்ற தகவல் உடனே கணக்கு பார்க்கும் மென்பொருளுக்கும், பொருளை அனுப்பும் பிரிவுக்கும் போக வேண்டும். ஒரு சர்வர், அதாவது இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினி, இன்னொரு சர்வருக்குத் தானாகவே அனுப்பும் இந்தத் தகவலை வெப்ஹுக் என்பார்கள். அதைத் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. மாநாட்டில் நாங்கள் போட்டிருந்த ஸ்டாலுக்கான பேனரில் “நம்பகமான டெலிவரி” என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம்.

முதல் நாள் காலை ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பேனரை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டார்: “ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் என்ன செய்வீர்கள்?”

என் பக்கத்தில் எங்கள் என்ஜினியர் நின்றிருந்தார். “வரலாம்,” என்றார்.

அவ்வளவுதான். அந்தப் பெண் தோளில் இருந்த பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்தார். அடுத்த அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஏன் இரண்டு முறை வரும் என்பது எளிமையான விஷயம்தான். நாங்கள் செய்தியை அனுப்புகிறோம். எதிர்ப்பக்க சர்வர் அதை வாங்கி, வேலையை முடித்து, “கிடைத்தது” என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்துவிட்டால்? செய்தி போகவில்லையா, போய்ப் பதில் மட்டும் வரவில்லையா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது. விட்டுவிட்டால் பணம் கட்டியவருக்குப் பொருள் போகாது. மறுபடி அனுப்பினால் ஒரே ஆர்டருக்கு இரண்டு பெட்டி போகலாம். விட்டுப்போவதைவிட இரண்டு முறை போவது பரவாயில்லை என்று மறுபடி அனுப்புகிறோம். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஏற்கெனவே பார்த்த எண் வந்தால் வாங்குகிற பக்கம் அதை ஒதுக்கிவிட வேண்டும். நெட்வொர்க் என்று ஒன்று நடுவில் இருக்கும்வரை இதிலிருந்து யாருக்கும் விடுதலை கிடையாது. அனுபவம் உள்ள எல்லா டெவலப்பருக்கும் இது தெரியும். “எங்களிடம் அந்தப் பிரச்சினையே வராது” என்று நாங்கள் சொல்லியிருந்தால், ஒன்று இவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டி அவர் போயிருப்பார்.

“வரலாம்” என்ற அந்த ஒரு சொல் செய்ததை எங்கள் பேனர் செய்யவில்லை. நான் இந்தத் தொழிலில் கற்றதெல்லாம் குறையைப் பின்னால் வை, நிறையை முன்னால் வை என்பதுதான். டெவலப்பர்களிடம் அது அப்படியே தலைகீழ். எது முடியாது என்று முதலில் சொன்னால்தான், எது முடியும் என்று அடுத்துச் சொல்வதை நம்புகிறார்கள். அவர்கள் கறார் பேர்வழிகள் என்பதால் அல்ல. நம் புராடக்டை எடுத்துத் தங்கள் சிஸ்டத்துக்குள் வைத்த பிறகு, நடுராத்திரி அது நின்றுபோனால் எழுந்து உட்கார வேண்டியவர்கள் அவர்கள்தான். எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. உன்னிடம் டாக்டர்கள் பக்கவிளைவைத்தானே முதலில் கேட்பார்கள்? அதே நியாயம்தான் இதுவும்.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. ரயன் டால் என்பவர் 2009-இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில், அந்த மொழியை சர்வரில் ஓடவைக்கும் நோட்.ஜேஎஸ் என்ற தன் படைப்பை அறிமுகப்படுத்தினார். பிரவுசருக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்துகொண்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழி சர்வர் பக்கமும் பரவலாகப் போனதற்கு அது முக்கியக் காரணம். ஒன்பது வருடம் கழித்து, 2018-இல், அதே மாநாட்டு மேடையில் மறுபடி ஏறினார். நோட்.ஜேஎஸ்ஸில் தான் வருத்தப்படும் பத்து விஷயங்கள் என்பதுதான் பேச்சின் தலைப்பு. பாதுகாப்பைப் போதுமான அளவு யோசிக்கவில்லை, பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த கோடுகளை, வைக்கும் முறை இப்படி ஊதிப்போயிருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். அந்தப் பட்டியலுக்குப் பிறகுதான், அதே வேலைக்கான டெனோ என்ற புதிய முயற்சியைக் காட்டினார். யோசித்துப் பார், அதுவும் ஒரு புராடக்ட் அறிமுகம்தான். ஆனால் பழையதில் என்ன கோளாறு என்று செய்தவரே விலாவாரியாகச் சொல்லிவிட்டதால், புதியது எதற்கு என்று யாருக்கும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் பைகான் என்ற பைத்தான் மொழி மாநாடு. அங்கே லைட்னிங் டாக் என்று ஒன்று உண்டு, ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். சாலமன் ஹைக்ஸ் என்பவர் அந்த ஐந்து நிமிடத்தில் டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து, ஒரு கட்டளையை அடித்து, கன்டெய்னருக்குள் (மென்பொருளையும் அதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிவைக்கும் பெட்டி மாதிரி) “ஹலோ வேர்ல்ட்” என்ற ஒரு வரியை ஓடவிட்டுக் காட்டினார். அந்தக் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் என்ற கருவி வெளியுலகத்துக்கு வந்தது அப்படித்தான். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் மென்பொருளைக் கட்டி அனுப்பும் முறையே மாறிப்போனது. எங்கள் அலுவலகத்தில் ஒரு அறிமுக விழா என்றால் வீடியோவுக்கும் இசைக்கும் எத்தனை கூட்டம் போடுகிறோம் தெரியுமா! அந்தப் பேச்சில் இருந்ததெல்லாம் ஒரு பிரச்சினையும், அது தீர்வதைக் கண்ணால் பார்க்க ஒரு திரையும்தான்.

சரி, மாநாட்டுக்கு வருகிறேன். மேடைப் பேச்சுகள் பிறகு வீடியோவாக வந்துவிடும். வீடியோவில் வராதது தாழ்வாரத்தில் நடக்கிறது. காபி இடைவேளையில் நான்கைந்து பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியாள் ஒருவர் அதற்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதற்கு ஓர் அழகான வழக்கம் வைத்திருக்கிறார்கள். பாக்மேன் விதி என்று பெயர். எரிக் ஹோல்ஷர் என்பவர் எழுதிப் பரப்பியது. வட்டமாக நிற்கும்போது இன்னும் ஒருவர் வந்து நிற்க இடம்விட்டு நிற்க வேண்டும். மேலே இருந்து பார்த்தால் பழைய வீடியோ கேமில் வரும், வாயைத் திறந்த பாக்மேன் மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில் போய் நின்றுதான் நான் பாதி விஷயங்களைக் கேட்டேன். நின்றதும் முதலில், “நான் மார்க்கெட்டிங்கில் இருக்கிறேன், கோட் எழுதுவதில்லை, கேட்டுக்கொண்டிருக்கலாமா?” என்று சொல்லிவிடுவேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. டெவலப்பர் மாதிரி நடித்தால்தான் அவர்களுக்கு ஆகாது. இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. போவதற்கு முன் எங்கள் டாக்குமென்டேஷனை, அதாவது புராடக்டைப் பயன்படுத்தும் வழிகாட்டியை, திறந்துவைத்து, யாரையும் கேட்காமல், அதில் இருக்கிற வழிமுறையைப் பார்த்து நானே ஒரு வெப்ஹுக்கை அனுப்பிப் பார்த்தேன். கணக்கைத் தொடங்கி, கணக்கை அடையாளம் காட்டும் ரகசியக் கீயை எடுத்து, கட்டளையை அடித்து, பதில் வரும்வரை. எந்த இடத்தில் திணறுகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தால், அங்கே வருகிறவர் ஒரு எர்ரர் மெசேஜைச் சொல்லும்போது தலையாட்டுவதோடு நிற்காமல் அடுத்த கேள்வி கேட்க முடிகிறது. என் வேலையில் இருக்கிற எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

மாநாட்டில் கழுத்தில் மாட்டியிருக்கும் பேட்ஜை ஸ்கேன் செய்து முகவரி வாங்குவது பற்றியும் எழுத வேண்டும், அதில்தான் எனக்கு ஆதங்கம். எதிர் ஸ்டாலில் குலுக்கல் பரிசு வைத்திருந்தார்கள். நீண்ட வரிசை. பேட்ஜை நீட்டுவார்கள், ஸ்கேன் ஆகும், போய்விடுவார்கள். அந்த நிறுவனம் என்ன விற்கிறது என்று வரிசையில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்க்கவில்லை. அத்தனை மின்னஞ்சல் முகவரிகளும் “லீட்”, அதாவது வாங்கக்கூடியவர்கள், என்று ஒரு ஷீட்டில் ஏறும், ஒரு மேலாளர் சந்தோஷப்படுவார். ஆனால் டெவலப்பர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பலர் தங்கள் முகவரியில் ஒரு கூட்டல் குறி போட்டு அதற்குப் பின்னால் அந்த மாநாட்டின் பெயரைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அஞ்சல் அவர்களுக்கே வந்து சேரும், ஆனால் யார் மூலமாகத் தன் முகவரி வெளியே போனது என்று உடனே தெரிந்துவிடும். ஒரு ஃபில்டர் போட்டால் அத்தனையும் நேராகக் குப்பைக்கு. சம்மதம் இல்லாமல் வாங்கிய முகவரிக்கு அவ்வளவுதான் மதிப்பு. எங்கள் ஸ்டாலில் யாராவது “இதைப் பற்றி எனக்கு எழுதுங்கள்” என்று தானாகச் சொன்னால் மட்டும் வாங்கினோம்.

அதனால் எங்கள் எண்ணிக்கை குறைவு. திரும்பி வந்ததும் மேலாளர் கேட்பார் என்று தெரியும், கேட்டார். நான் லீட் ஷீட்டுக்குப் பதிலாக என் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். கேட்டவர்களின் சொற்களிலேயே, ஒரு எழுத்து மாற்றாமல். “நீங்கள் எத்தனை மணி நேரம் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்ப்பீர்கள், அதற்கப்புறம் அந்தச் செய்தி எங்கே போகும்?” “இதை உண்மையிலேயே நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று என் சர்வர் எப்படித் தெரிந்துகொள்ளும்?” “முதலில் அனுப்பியது பின்னால் வந்து சேருமா?” “உங்கள் கம்பெனி மூடிவிட்டால் என் டேட்டாவை எப்படி எடுப்பது?” கடைசிக் கேள்வியை ஒரு சீனியர் டெவலப்பர் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்கவில்லை. இதற்கு முன் தான் நம்பியிருந்த இரண்டு சேவைகள் மூடப்பட்டதைப் பார்த்தவர் அவர்.

இந்தக் கேள்விகளைக் கூட்டம் போட்டு வாசித்தபோது புராடக்ட் குழுவில் யாரும் பேசவில்லை. இதில் பாதிக்கு எங்கள் இணையதளத்தில் பதிலே இல்லை. இருந்த பதில்களும் எங்கோ ஐந்தாவது பக்கத்தில் இருந்தன. கூட்டம் முடிந்ததும் அந்த என்ஜினியரும் நானும் உட்கார்ந்து முகப்புப் பக்கத்தைத் திருத்தி எழுதினோம். ஒரு செய்தி ஒருமுறைக்கு மேல் வரலாம், வரிசை மாறியும் வரலாம், அதை எப்படிக் கையாள்வது என்பதுதான் இப்போது முதல் பத்தி. அதன் கீழே அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளும்படி ஐந்தாறு வரி கோட். “நம்பகமான டெலிவரி” என்ற சொற்களை எடுத்துவிட்டோம். விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர், “குறையை நாமே விளம்பரம் செய்கிறோமா?” என்று கேட்டார். அவரை அடுத்த மாநாட்டுக்கு என்னோடு கூட்டிப்போகிறேன். நான் சொல்வதைவிட ஸ்டாலில் ஒரு காலை நின்றால் அவருக்கே புரியும்.

இப்போது நிறையப் பேர் டாக்குமென்டேஷனைத் தாங்களாகப் படிப்பதில்லை, ஏஐ உதவியாளரைப் படிக்கச் சொல்லி அதையே கோடும் எழுதச் சொல்கிறார்கள். அதனால் அலங்கார வாக்கியங்களுக்கு முன்பு இருந்த கொஞ்ச மதிப்பும் போய்விட்டது. சரியான தகவலும் ஓடுகிற உதாரணமும்தான் மிச்சம். இதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், தெளிவானதும் தனியாக எழுதுகிறேன்.

அடுத்த மாநாட்டுக்கு எங்கள் என்ஜினியர் ஒரு பேச்சின் சுருக்கத்தைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் சர்வர் ஒருமுறை ஒரே செய்தியை ஓயாமல் அனுப்பித் தள்ளிய கதை. எங்கே கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம். சில மாநாடுகளில் தேர்வுக் குழு முதல் சுற்றில் பேசுபவரின் பெயரையும் கம்பெனியையும் பார்க்காமலே படிக்கிறது. விளம்பர வாடை அடித்தால் அங்கேயே கழித்துவிடுவார்கள். அதனால் அவர் எழுதிய சுருக்கத்திலிருந்து எங்கள் புராடக்ட் பெயரை நான்தான் எடுத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். டாக்டர்கள் உன்னிடம் கேட்கிற கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே நீ எழுதிவைப்பதுண்டா? கருவியை வடிவமைப்பவர்கள் அதைப் படிக்கிறார்களா, அல்லது விற்பனை எண்ணிக்கை மட்டும்தான் மேலே போகிறதா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் தோழி