எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு ஆழம்: தயவுசெய்து எழுதுங்கள் டாக்டர்

சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு சிகிச்சை தரும் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும், டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்திடும் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சென்னையில் மெடிக்கல் கோடராக வேலை செய்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளை, அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணை, அதாவது கோடைப் போடுவது என் தொழில். ஆனால் இந்த மடலை எழுத வைத்தது, எங்கள் பெரியப்பாவுக்கு இங்கே ஒரு தனியார் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி.

நோய் என்ற இடத்தில் "டைப் 2 டயாபடீஸ், டயாபடிக் ஃபுட்". சிகிச்சை என்ற இடத்தில் "டிப்ரைட்மென்ட் செய்யப்பட்டது", அதாவது புண்ணில் அழுகிய திசுவை வெட்டி எடுத்தது. அவ்வளவுதான். வலது காலா இடது காலா, குதிகாலா விரலா, புண் தோலோடு நின்றதா எலும்பு வரை போனதா, ஒன்றும் இல்லை.

காப்பீட்டு நிறுவனம் பணத்தை நிறுத்திவைத்து விளக்கம் கேட்டது. அவர்கள் கேட்டதில் தவறில்லை. அந்தப் பதிலை வாங்க எங்கள் வீட்டார் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். சம்மரி எழுதிய ஜூனியர் டாக்டர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். டாக்டர் எழுதாததை நாங்கள் எழுத முடியாது என்று ரெக்கார்டு செக்‌ஷனில் சொன்னார்கள். அது சரியான பதில்தான். கடைசியில், பேஷன்ட்டை நேரில் கூட்டி வாருங்கள், பார்த்துவிட்டு எழுதித் தருகிறோம் என்றார்கள். அந்தப் பாதத்தைத் தரையில் ஊன்றவே கூடாது, அழுத்தம் பட்டால் புண் ஆறாது என்று சொல்லி அனுப்பியதும் அதே மருத்துவமனைதான். அவரை மாடியிலிருந்து தூக்கி இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, வீல்சேருக்குக் காத்திருந்து, கட்டைப் பிரித்துக் காட்டிய பிறகு "லெஃப்ட்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்கள். ஆழத்தை அப்போதும் எழுதவில்லை. எப்படி எழுத முடியும்? தியேட்டரில் அன்று கண்ட ஆழத்தை, புண் பாதி மூடிய பிறகு மேலாகப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எழுத வேண்டிய நாளில் எழுதியிருந்தால் அரை நிமிட வேலை.

எந்தக் கால், எந்த இடம், எவ்வளவு ஆழம். இந்த மூன்றும் சம்மரியில் வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

என் வேலையில் இந்த மூன்றும் இல்லாமல் முழுமையான கோடு போட முடியாது. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க்கோடு முறையில், டைப் 2 சர்க்கரை நோயால் வந்த கால்புண்ணுக்கான கோடு இ11.621. அதோடு புண்ணின் விவரத்துக்கு இன்னொரு கோடு சேர்க்க வேண்டும். எல்97.522 என்றால் இடது பாதம், குதிகாலும் நடுப்பாதமும் அல்லாத பகுதி, கொழுப்பு அடுக்கு வரை வெளிப்பட்ட புண். கடைசி இலக்கம் 1 ஆனால் தோலோடு நின்றது, 4 ஆனால் எலும்பு அழுகியது. விவரம் எழுதாத புண்ணுக்கு 9. சிகிச்சைகளுக்கான சிபிடி என்ற தனிக் கோடு முறையில் டிப்ரைட்மென்ட்டுக்கும் அப்படித்தான்: தோலடித் திசு வரை எடுத்தால் 11042, தசை வரை என்றால் 11043, எலும்பு வரை என்றால் 11044. எடுத்த பரப்பளவையும் சதுர சென்டிமீட்டரில் எழுத வேண்டும்.

அங்குள்ள டாக்டர்களும் எழுத மறக்கிறார்கள். ஆனால் கோடர் குவெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி அனுப்பினால் பதில் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நோயை டாக்டர்தான் எழுத வேண்டும். ஆனால் புண்ணின் ஆழத்தை நர்ஸ் குறிப்பிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கே விதியே உண்டு. நம் வார்டுகளிலும் தினமும் டிரெஸ்ஸிங் செய்யும் சிஸ்டருக்கு அந்தப் புண்ணைப் பற்றி எல்லாம் தெரியும். அவருக்குத் தெரிந்தது ஏன் சம்மரிக்குள் வருவதில்லை?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க்கோடு பட்டியலான ஐசிடி-10-ல் கால்புண்ணுக்கு வலது, இடது என்ற பிரிவே கிடையாது, பிறகு எதற்கு என்று கேட்கலாம். கோடு சொல்லாததால்தான் அதை வார்த்தையில் எழுத வேண்டியிருக்கிறது.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதே பாதத்தில் மறுபடி புண் வந்தால், அடுத்த டாக்டர் எதை வைத்து முடிவெடுப்பார்? கால்புண்ணின் தீவிரத்தைச் சொல்லும் வாக்னர் அளவுகோலில் கிரேடு 1 என்றால் மேலோட்டமான புண். 3 என்றால் ஆழத்தில் சீழ்க்கட்டியோ எலும்புத் தொற்றோ இருந்தது. தோலிலும் சதையிலும் மட்டும் தொற்று என்றால் பொதுவாக ஓரிரு வாரம் ஆன்டிபயாடிக் போதும். பாதித்த எலும்பை எடுக்காமல் விட்டிருந்தால் சுமார் ஆறு வாரம் தேவைப்படும். "டயாபடிக் ஃபுட்" என்ற இரண்டு வார்த்தையில் இதில் எது இருக்கிறது? இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு சொன்னது. அவர்களில் எத்தனை பேருக்குப் பழைய புண் திரும்பி வந்தது, எத்தனை பேருக்கு மறுகாலில் புதிதாக வந்தது என்பதை இந்த மாதிரிப் பதிவுகளிலிருந்து யார் எண்ண முடியும்?

சம்மரி மட்டுமா? பில் கட்டி முடித்த பிறகு அவசரமாக அச்சடித்துத் தருகிறார்கள், முந்தைய நோயாளியின் வரிகள் அப்படியே ஒட்டியிருக்கின்றன, கேஸ் ஷீட் நகல் கேட்டால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. நோயாளி கேட்பது தன் உடம்பைப் பற்றிய காகிதத்தைத்தானே.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓ.பி. கூட்டமும் இரவுப் பணியும் எனக்குத் தெரியும். பெரியப்பாவின் விரல்களைக் காப்பாற்றியதும் உங்களில் ஒருவர்தான். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு.

நான் கேட்பது இப்படி ஒரே ஒரு வரி: "இடது பாதம், பெருவிரலின் அடிப்பக்கம், 3 x 2 செ.மீ., கொழுப்பு அடுக்கு வரை ஆழம், எலும்புத் தொற்று இல்லை. தோலடித் திசு வரை டிப்ரைட்மென்ட்." விட்டுப்போனால் சேர்த்துத் தருவதற்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கால் ஊன்றக் கூடாதவரை அதற்காக மருத்துவமனைக்கு வரவழைக்காதீர்கள். இந்த வாரம் வீட்டுக்குப் போகப்போகிறவர்களின் சம்மரியிலேயே இதைத் தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு மெடிக்கல் கோடர்