ஜில்லா போர்டு போட்ட ரயில் பாதை

ஐயா,

திருவாரூர் - காரைக்குடி பாதையில் கூடுதல் ரயில் கேட்டு வரும் செய்திகளைப் படிக்கிறேன். நியாயமான கோரிக்கை. ஆனால் இந்தப் பாதையின் முதல் பகுதியைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

நகராட்சிகள் நீங்கலாக, கிராமப்புறச் சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்த போர்டின் பொறுப்பு. நிலத்துக்குத் தனி செஸ் (கூடுதல் வரி) விதித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894-இல் ரயில் விட்டார்கள். நெல் விளைவித்தவன் கொடுத்த காசு அது! பிறகு அறந்தாங்கி வரை நீட்டினார்கள். நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் இந்த போர்டின் தலைவராக இருந்தபோது, சமஸ்கிருதம் மட்டுமே கற்பித்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது.

1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன, போர்டு கலைந்தது. சரி, காலத்தின் தேவை. அதற்காகப் பேரே இல்லாமல் போக வேண்டுமா? எங்கள் ஸ்டேஷன் நடைமேடையில் விளம்பரப் பலகைக்கு இடம் இருக்கிறது, இந்த வரலாற்றுக்கு ஒரு வரி கிடையாது. மயிலாடுதுறை முதல் அறந்தாங்கி வரை ஒவ்வொரு நிலையத்திலும் ரயில்வே ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும்.

- வாசகர், திருத்துறைப்பூண்டி