கதையாட்ட மன்றத்தின் ஆண்டறிக்கை: ‘முழங்குகுரல்’ பாணர் உட்பிரிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வாராந்தர ஆட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆகவே, செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்ட ஒரு பணியைப் பற்றியே இங்கு விரித்துரைக்கிறேன்: பாத்திரங்களை ஏற்றுப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஆடும் நம் மேசைகளுக்காக, பாணர் என்னும் பாத்திர வகைக்குக் குரல்வலிமையை அடிப்படையாகக் கொண்ட உட்பிரிவு ஒன்றை வகுத்த பணி அது.

2020இல் வெளிவந்த ‘காலேஜ் ஆஃப் எலக்வென்ஸ்’ என்னும் பேச்சுத்திறப் பாணர் உட்பிரிவு இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு என்ற கேள்வி முதற்கூட்டத்திலேயே எழுந்தது. அந்த உட்பிரிவைச் சேர்ந்த பாணர், பிறரை இணங்கவைக்கவோ ஏமாற்றவோ இருபதுமுகப் பகடையை உருட்டி ஒன்பதோ அதற்குக் குறைவாகவோ விழுந்தால், அது பத்தாகவே கொள்ளப்படும். பாத்திரம் வளர்ந்து எட்டும் ஐந்தாம் நிலையில், கரிஸ்மா என்னும் ஈர்ப்புத்திறன் 18 உள்ளவருக்கு அதற்காக 4, எக்ஸ்பர்டீஸ் என்னும் தனித்தேர்ச்சி வழியாக 6 எனப் பகடை எண்ணுடன் சேரும்போது, அவர் பெறும் மிகக் குறைந்த எண்ணிக்கையே 20 ஆகிறது. விதிநூல் ‘கடினம்’ என்று வகுத்துள்ள இலக்கும் அதுவே. தோற்கவே இயலாதவர் பகடையை உருட்டுவதை மற்றவர்கள் எதற்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் நம் டன்ஜன் மாஸ்டர்கள் கேட்டது நியாயமே. மேலும், பேச்சுத்திறன் வேறு, தொண்டையின் வலிமை வேறு.

ஆகவே ‘முழங்குகுரல்’ பாணர், மூன்றாம் நிலையில், பிறருக்கு ஊக்கமளிக்கத் தாம் வைத்திருக்கும் இன்ஸ்பிரேஷன் பகடைகளுள் ஒன்றைச் செலவழித்து, முன்னே 15 அடிக் கூம்புப் பரப்பில் முழங்கலாம். அதற்குள் இருப்போர் உடலுறுதியால் தாக்குதலைத் தாங்குவதற்கான ‘கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ’ என்னும் பகடை உருட்டலில் தோற்றால், செலவழித்த பகடை காட்டும் அளவு இடித் தாக்குதலுக்கு உள்ளாவர். இடியலை எழுப்பும் ‘தண்டர்வேவ்’ மந்திரத்தைப் போலவே இம்முழக்கமும் 300 அடி தொலைவுவரை கேட்கும் என்பதையும் விதியாகச் சேர்த்துள்ளோம். நண்பருக்குத் தரவேண்டிய ஊக்கம் குறைவதும், அடுத்த அறையிலுள்ள காவலர் விழித்துக்கொள்வதும் இவ்வலிமைக்குரிய விலைகள்; இரண்டாவதே ஆட்டத்தைச் சுவையாக்குகிறது என்பது என் கருத்து.

நீண்ட விவாதத்திற்கு உள்ளானது ‘சைலன்ஸ்’ மந்திரம். அதன் 20 அடி ஆரத்திற்குள் ஒலியே எழாது, வாய்மொழி தேவைப்படும் மந்திரங்களைச் சொல்ல முடியாது, முழுவதும் உள்ளே இருப்பவரை இடித் தாக்குதலும் தீண்டாது. குரலையே நம்பியிருக்கும் பாணரை இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று முற்றிலும் முடக்கலாமா என்று சில உறுப்பினர்கள் விலக்குக் கோரினர். பாணருக்கு வாய்மொழி தேவைப்படாத மந்திரங்களும் வாளும் உண்டு. அவர் நடந்து வெளியேறவும் தடையில்லை. விலக்கு அளித்தால் எதிராளியிடம் எஞ்சும் ஒரே மறுமொழியையும் பறித்தவர்களாவோம் என்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை. 1978ஆம் ஆண்டு விதிநூலில் பாணராவதற்கு முதலில் போர்வீரராகவும் பிறகு திருடராகவும் வளர்ந்தாக வேண்டும் என்பதை மூத்த உறுப்பினர் ஒருவர் அப்போது நினைவூட்டினார். அதன்பின் விலக்குக் கோரியவர்கள் சற்றே தணிந்தனர்.

ஆறாம் நிலைக்குரிய விதி சோதனையில் உள்ளது. நம் ஆட்டம் எதுவும் பதினான்காம் நிலையை எட்டாததால், அந்நிலைக்கான பகுதியை எழுதாமலே விட்டுள்ளோம். மூன்றாம் நிலை விதியை வரும் ஆண்டில் எல்லா மேசைகளிலும் அனுமதிக்குமாறு பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்