ஒழுகும் வாஷிங் மெஷின்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

வாஷிங் மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்றும், எந்த உதிரிப் பாகத்தை வாங்கி மாற்றுவது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மேலே கசியும் நீர் உட்புறத் தகட்டின் வழியே இறங்கி, தொடர்பே இல்லாத ஒரு மூலையில் சொட்டக்கூடும் என்பதால், தரையில் கிடக்கும் ஈரத்தை வைத்துப் பழுதின் இடத்தைச் சொல்லிவிட முடியாது. ஒழுக்கு எந்த நேரத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு முன், உன் பாதுகாப்பு. ஈரத் தரையில் நின்றுகொண்டு மெஷினையோ பிளக்கையோ தொடாதே. பிளக்குக்கு அருகில் தண்ணீர் இருந்தால், மின்பலகையில் அந்த இணைப்பை அணைத்த பிறகே அதைப் பிடுங்க வேண்டும். பின்புற மூடியைக் கழற்றும் நிலை வந்தால், மோட்டாரோடு இணைந்திருக்கும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகமான கெப்பாசிட்டரில் கை படக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

தரையை நன்றாகத் துடைத்து, மெஷினைச் சுற்றிலும் அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்துவிடு. துணியும் சோப்புத் தூளும் போடாமல், நீர்மட்டத்தை அதிகபட்சமாக வைத்து ஒரு முழுச் சுற்று ஓடவிட்டு, டார்ச் விளக்கோடு பக்கத்திலேயே இரு. தாள் எப்போது நனைகிறது என்று பார்.

நீர் நிரம்பும்போதே நனைந்தால், பின்புறம் நீர் உள்ளே வரும் ஹோஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் இரு முனைகளையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார். கண்ணுக்குத் தெரியாத கசிவைக்கூட அந்தத் தாள் காட்டிவிடும். ஈரம் தெரிந்தால், குழாயை மூடி ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் ரப்பர் வாஷரை விரலால் அழுத்து. அது கெட்டித்துப் போயிருந்தாலோ, வெடித்திருந்தாலோ, ஒருபக்கமாகத் தட்டையாகியிருந்தாலோ மாற்றிவிடு. மரையின் மேல் வெள்ளை டேப்பைச் சுற்றும்படி யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் இந்த இணைப்பில் நீரைத் தடுப்பது வாஷரே தவிர மரை அல்ல. திரும்பப் பொருத்தும்போது கையால் இறுகும் வரை திருகி, பிறகு பிளையரால் கால் சுற்றுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள். அதற்கு மேல் முறுக்கினால், மெஷினுக்குள் நீரைத் திறந்து மூடும் வால்வின் பிளாஸ்டிக் மரை வெடித்து, சிறிய பழுது பெரிய செலவாகிவிடும். ஹோஸ் கழன்றிருக்கும்போதே, வால்வின் வாயிலுள்ள சிறு வலைவடிகட்டியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடு.

சோப்புத் தட்டில் தூள் கட்டிபிடித்து அடைத்திருந்தாலும், நிரம்பும் நேரத்தில் நீர் விளிம்பைத் தாண்டி வழியும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் போதும். மெஷின் அணைந்திருக்கும்போது டிரம்மில் நீர் மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். அதை மாற்றும் வரை, துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடு.

வெறும் நீரில் ஒழுகாமல், துணியும் தூளும் போடும்போது மட்டும் ஒழுகினால், பெரும்பாலும் நுரை மிகுந்து பொங்குவதே காரணமாக இருக்கும். தூளைப் பாதியாகக் குறைத்துப் பார்.

வெளியேற்றும்போது மட்டும் நனைந்தால், கழிவுநீர் ஹோஸை முழு நீளமும் தடவிப் பார்; மடிப்பு மடிப்பாக உள்ள அந்தக் குழாய், வளையும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால் பிளையரால் அழுத்தி நகர்த்திச் சரியான இடத்தில் அமர்த்தலாம். சுவரிலுள்ள கழிவுக் குழாய் அடைத்துக்கொண்டு நீர் எதிர்த்து வருகிறதா என்பதையும் பார்த்துவிடு. அப்படியானால் மெஷினில் குறையே இல்லை.

நீ அஞ்ச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடிப்பகுதியின் நடுவில் சொட்டுகிறது, அங்கே துருநிறக் கோடுகள் தெரிகின்றன, பிழியும்போது இரைச்சலும் கேட்கிறது என்றால், நீரைத் தாங்கும் வெளித் தொட்டியான டப்பின் நடுவில், நீர் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, டிரம் சுழல உதவும் பேரிங்கை நீர் எட்டிவிட்டது. டப்பையே வெளியே எடுக்க வேண்டிய அந்த வேலையில் நீ கைவைக்காதே. பழுதுபார்ப்பவர் வரும் வரை மெஷினை ஓட்டவும் வேண்டாம், ஏனென்றால் பேரிங்கின் கிரீஸ் கரைந்துகொண்டேயிருக்கும். அடிப்பகுதியைப் பார்க்க மெஷினைச் சாய்ப்பதாக இருந்தால், நீரை முழுவதும் வெளியேற்றிவிட்டு, இன்னொருவர் தாங்கிப் பிடிக்கும்போது மட்டுமே சாய். தகட்டின் ஓரம் கத்திபோல் கிழிக்கும், கையுறை அணிந்துகொள்.

செய்தித்தாள் எந்தக் கட்டத்தில், எந்தப் பக்கம் முதலில் நனைந்தது என்று எழுது. முடிந்தால் அந்த இணைப்பைப் படமெடுத்தும் அனுப்பு. எந்த அளவு வாஷர் வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா