லீவை ஸ்டப்ஸ் ஏன் கத்துகிறார்?

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஃபோர் டாப்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் பாடல்களில் முதன்மைப் பாடகர் லீவை ஸ்டப்ஸ் பாடாமல் கத்துவது போலிருக்கிறதே என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

அது திட்டமிட்டே செய்தது. அவருக்குப் பாரிடோன் குரல், நடு ஸ்தாயியில் கனமாக நிற்கும். மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் அவர்களுக்குப் பாட்டுக் கட்டிய ஹாலண்ட் சகோதரர்கள் இருவர், டோசியர் ஆகிய மூவரும் வேண்டுமென்றே சுருதியை ஏற்றி, டெனர் எனப்படும் உயர்ந்த ஆண் குரலுக்குரிய கட்டையில் அவரைப் பாடவைத்தார்கள். கனத்த குரல் அந்த உயரத்தை எட்டும்போது கரகரக்கும். கெஞ்சல் தானாக வந்துவிடும். சுருதியை இறக்கியிருந்தால் சுகமாகப் பாடியிருப்பார், தவிப்பு போயிருக்கும். 1966-ல் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடம் பிடித்த 'ரீச் அவுட்' பாட்டில் பாதி பேச்சு, பாதி கூவல். பாடகர் பாப் டிலனின் பாணியை மனத்தில் வைத்துச் செய்ததாக டோசியரே சொல்லியிருக்கிறார்.

இப்படிக் கூவும் குரலுக்குக் கீழே தரை உறுதியாக இருக்க வேண்டும். குழுவின் மற்ற மூவரில் ஓபி பென்சன் பேஸ் எனப்படும் தாழ்ந்த குரல், லாரன்ஸ் பேட்டன் இரண்டாம் டெனர், டியூக் ஃபாகிர் முதல் டெனர். குரல்களைப் பிரித்து அடுக்கியவர் பேட்டன். அவர்களுக்கு மேலே ஆண்டான்டெஸ் என்ற மூன்று பெண்கள் பாடினார்கள். இசைத்தட்டில் அவர்கள் பெயரைப் போடாதது எனக்கு இன்றும் உறுத்தல்.

நால்வரும் டெட்ராய்ட்காரர்கள். 1950களின் நடுவில் சேர்ந்தவர்கள். 1956-ல் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் தொடங்கி கொலம்பியா நிறுவனம் வரை போயும் ஒரு வெற்றிப் பாட்டு இல்லை. 1963-ல்தான் மோடவுன், அடுத்த வருடமே 'பேபி ஐ நீட் யுவர் லவிங்'. அந்த வறண்ட வருடங்களில் இரவு விடுதிகளில் ஜாஸ் பாடிப் பழகியதுதான் அவர்கள் இணைப்பு அவ்வளவு கச்சிதமாக இருக்கக் காரணம் என்பேன்.

தனியாகப் பாட வரச் சொல்லி ஸ்டப்ஸை அழைத்தார்கள். அவர் குழுவை விடவில்லை. 1997-ல் பேட்டன் இறக்கும்வரை நால்வரில் ஒருவர்கூட மாறவில்லை. ஸ்டப்ஸ் உடல்நலம் குன்றி 2000-ல் மேடையை விட்டார், 2008-ல் காலமானார்.

அடுத்து 1967-ன் 'பெர்னடெட்' கேள். ஹெட்ஃபோன் போட்டு, ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டாரை முதலில் பிடித்துக்கொள். கடைசியில் பாட்டு நின்றுவிட்டது போலிருக்கும், உடனே அணைத்துவிடாதே. அதன் பிறகு வரும் ஒரே கூவலில் அவர் குரலின் முழு உயரமும் தெரியும். கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
சேகர்